பச்சை மாறாமல் உலர்ந்த இலை

ஜென்சிக்கும் அருளுக்கும் அப்பா எழுதுவது.

நான் பணி ஓய்வு பெற்ற மறுவாரம் அருள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சங்கதியோடு வந்தான். வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று சொன்னார்களாம். இவன் எழுந்து, "எங்க அப்பா ஏலக்காய் ஆபீஸ்ல இலை அரைச்சாரு" என்றானாம். "சட்னிக்கா?" என்று பின்பெஞ்சில் ஒருவன் கேட்டானாம். வகுப்பே சிரித்திருக்கிறது.

அருள் சொன்னதில் பொய் இல்லை. நான் இலைதான் அரைத்தேன். ஆனால் என்ன இலை, எதற்காக, யாரோடு என்று உங்கள் இருவரிடமும் உட்கார்ந்து சொன்னதில்லை. வீட்டுக்கு வந்தால் கை கால் கழுவிவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவேன். ஓய்வுக்குச் சற்று முன்னால் எங்கள் லேபுக்கு ஒரு புது மெஷின் வந்தது. இலைத்தூளை ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கம் ஆர்.என்.ஏ. தானாக வந்து நிற்கிறது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், "சேட்டா, முன்னாடி இதெல்லாம் கையாலயா செஞ்சீங்க?" என்று கேட்டார்கள். "ஆமா, கையாலதான். ஆனா கை படாம" என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. உங்களுக்காவது புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். தப்பிருந்தால் ஜென்சி திருத்திக்கொள்ளட்டும்.

வேலைக்குச் சேர்ந்த கதை சின்னது. உங்கள் தாத்தா தேயிலைத் தோட்டத்தில் செடிக்குக் கிளை கழிக்கிற கவ்வாத்து வேலை பார்த்தார். அந்த வேலை எனக்கு வேண்டாம் என்று பங்குச் சாமியார் சொல்லி, ஏல ஆராய்ச்சி நிலையத்தில் தினக்கூலியாகச் சேர்த்துவிட்டார். களை எடுத்தேன், பாத்தி போட்டேன், மருந்து அடித்தேன். பிறகு லேபில் கண்ணாடிச் சாமான் கழுவ ஆள் கேட்டார்கள். போனேன். டாக்டர் கனகமணி மேடம் அங்கே வந்து சேர்ந்ததும் அந்த வருஷம்தான்.

மேடத்துக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளி. நெல் விவசாயக் குடும்பம். கோயமுத்தூரில் படித்து, வெளிநாட்டில் சில வருஷம் ஆராய்ச்சி செய்துவிட்டு, அங்கேயே இருக்கச் சொன்னவர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டு எங்கள் மலைக்கு வந்தவர். குள்ளமாக இருப்பார். நூல் சேலைக்கு மேலே வெள்ளைக் கோட்டு. பேச்சு மட்டும் கோயமுத்தூர்ப் பேச்சு. அதுவரை படித்தவர்கள் யாரும் என்னை வாங்க போங்க என்று கூப்பிட்டதில்லை. மேடம் முதல் நாளே, "ஞானராஜ், சித்தெ இங்க வாங்க" என்றார். பின்னால் வேறு யாரோ ஞானராஜ் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

கூப்பிட்டது ஒரு கல்வத்தைக் காட்டத்தான். நாட்டு மருந்து அரைப்பார்களே, அந்த மாதிரி வெள்ளைப் பீங்கான் கல்வம்.

"இதக் கழுவினது நீங்களுங்களா?"

"ஆமா மேடம்."

"நல்லா பளபளன்னு இருக்குதுங்க. ஆனா இதுல உங்க கை இருக்குதே."

நான் என் இரண்டு கைகளையும் பார்த்தேன். "கை ரெண்டும் எங்கிட்டதான மேடம் இருக்கு" என்றேன்.

மேடம் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார். நம் கைத்தோலிலும் எச்சிலிலும் ஒரு பொருள் இருக்கிறது. ஆர்.என்.ஏ.வைக் கண்டால் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிடும். கழுவினாலும் போகாது. கொதிக்க வைத்தாலும் ஆறினதும் மறுபடி எழுந்து வந்துவிடும். அதனால் கல்வத்தையும் குழவியையும் அலுமினியத் தாளில் சுற்றி அடுப்பில் வைத்து நாள் முழுக்கச் சுட வேண்டும். அதற்கென்று தனியாக மருந்து போட்டு வைத்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். கையுறை போட்டபின் மூக்கைச் சொறிந்தால் அந்தக் கையுறை குப்பைக்குப் போக வேண்டும். திறந்த குழாய்க்கு மேலே குனிந்து பேசக் கூடாது.

எனக்கு இது என்ன தீட்டுக் காரியம் என்று இருந்தது. அப்படியே கேட்டும் விட்டேன். "மேடம், இவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போற ஒண்ண வச்சுக்கிட்டுச் செடி எப்படி மேடம் பிழைக்குது?"

மேடம் திருப்பி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "உங்க எஸ்டேட்டுல காலையில வேலை எப்படீங்க பிரிப்பாங்க?"

"பெரட்டுக்களத்துல எல்லாரும் நிப்போம் மேடம். கங்காணி வந்து சத்தமாச் சொல்லுவாரு. இன்னிக்கு மூணாம் நம்பர் மலையில கொழுந்து, அஞ்சாம் நம்பர்ல களைன்னு."

"அந்தச் சத்தம் நாளைக்கும் இருக்குமுங்களா?"

"அது எப்படி மேடம் இருக்கும்? நாளைக்கு வேற வேலை, வேற சத்தம்."

"அதுதானுங்க ஆர்.என்.ஏ. ஆபீஸ் பீரோவுல பூட்டி வச்சிருக்கற பெரிய பிளான் டி.என்.ஏ. அது பத்திரமா இருக்கோணும். இது அன்னாட வேலைக்குக் குடுக்கற சத்தம். வேலை முடிஞ்சா அழிஞ்சு போகோணும். நேத்துச் சத்தமும் இன்னிக்குச் சத்தமும் சேந்து கேட்டா யாருங்க வேலை பாப்பாங்க? அதனாலதான் உசுரு உள்ள எல்லாமே அத அழிக்கறதுக்கு ஆளு வச்சிருக்குது. உங்க கையிலயும் அந்த ஆளுதான்."

பிறகு கட்டே நோயைப் பற்றிச் சொன்னார். ஏலச்செடியின் இலையில் நூல் நூலாக மஞ்சள் கோடு ஓடி, தூர் குறுகி, காய் பிடிக்காமல் போகிற நோய். அதைக் கொண்டுவருவது ஒரு வைரஸ். அந்த வைரஸின் உடம்பே ஆர்.என்.ஏ.தான். "பெரட்டுக்களத்துல எவனோ ஒருத்தன் வந்து கங்காணி கொரல்லயே பேசறான்னு வச்சுக்கங்க. உங்க வேலையெல்லாம் போட்டுட்டு என்னை மாதிரியே ஆயிரம் பேர உண்டாக்குங்கன்னு சொல்றான். எல்லாரும் நம்பி அதையே செய்யறாங்க. அதுதானுங்க கட்டே."

பிள்ளைகளே, நான் படித்த பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு இப்படி ஒன்றைச் சொன்னதில்லை. அன்றைக்குப் பிறகு கல்வத்தைச் சுடுவது எனக்குத் தீட்டாகத் தெரியவில்லை.

இலையை அரைக்கும்போதே உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ. அழியத் தொடங்கிவிடும். அதைத் தடுக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். பால் கேன் மாதிரி பெரிய கேனில் வரும். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழியும். புகைதான் வெள்ளை, அது சூடில்லை. தாங்க முடியாத குளிர். எங்களுக்கு வழக்கமாக வருகிற இடத்தில் ஒரு முறை கிடைக்காமல் போய், மேடமும் நானும் ஜீப்பில் கோயமுத்தூர்ப் பக்கம் போய் வாங்கிக்கொண்டு, திரும்புகிற வழியில் நல்லேப்பிள்ளியில் அவர் அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பொள்ளாச்சி வழியாக வந்தோம். கோபாலபுரம் செக்போஸ்டில் நிறுத்திவிட்டார்கள். அந்த வழியில் சாராய ஸ்பிரிட் வருகிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை.

"என்னங்க இது கேனு? ஸ்பிரிட்டுங்களா?" என்றார் காவலர்.

"ஸ்பிரிட்டு இல்லைங்க. காத்து" என்றார் மேடம்.

"காத்தையா ரெண்டு பேரு ஜீப்பு வச்சுக் கொண்டு போறீங்க?"

"ஆமாங்க. குளுர வச்ச காத்து."

காவலர் என்னைப் பார்த்தார். படித்த அம்மா கேலி செய்கிறாரோ என்று அவர் முகத்தில் இருந்தது. மேடம் இறங்கிப் போய் ரோட்டோரத்து வேலியில் ஒரு இலையைப் பறித்து வந்தார். சின்ன டப்பாவில் கொஞ்சம் நைட்ரஜனை ஊற்றி அதில் முக்கி எடுத்தார். கரண்டிக் காம்பால் தட்டினார். இலை கண்ணாடி மாதிரி நொறுங்கித் தூளானது. "எலை தான் செத்தது தெரியறதுக்கு முன்னால உறைஞ்சு போயிருமுங்க. அப்பத்தான் உள்ள இருக்கறது அப்படியே நமக்குக் கெடைக்கும்" என்றார். காவலர் தூளைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினார். "தொடாதீங்க, வெரலும் அப்படித்தான் ஆகும்" என்றதும் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு பக்கத்திலிருந்த இன்னொருவரைக் கூப்பிட்டு வந்து, "ஏனுங்கம்மா, இன்னொருக்காப் பண்ணிக் காட்டுங்க" என்றார். மேடம் பண்ணிக் காட்டினார்.

ஏல இலையிலிருந்து ஆர்.என்.ஏ. எடுப்பது லேசு கிடையாது. அரைத்தால் வழவழவென்று கொழகொழப்பு வரும், கறை வரும், எல்லாம் அதோடு ஒட்டிக்கொள்ளும். வெளிநாட்டுப் புத்தகத்தில் இருக்கிற முறையெல்லாம் வேறு செடிக்கு. நம் ஏலத்துக்குச் சரிப்படாது. எந்தக் கட்டத்தில் உப்பைச் சேர்க்க வேண்டும், எவ்வளவு, எப்போது குளிர வைக்க வேண்டும் என்று மேடம் பல வருஷம் மாற்றி மாற்றிப் பார்த்தார். கொழகொழப்பு கீழே போய், ஆர்.என்.ஏ. மேலே தெளிவாக நின்ற நாளில் அவர் கத்தவில்லை, ஆடவில்லை. குழாயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "ஞானராஜ், தண்ணி மாதிரி இருக்குது பாருங்க" என்று மட்டும் சொன்னார். அந்த முறை அச்சில் வந்தது. பிறகு மிளகுக்காரர்கள் எழுதிக் கேட்டார்கள், இஞ்சிக்காரர்கள் எழுதிக் கேட்டார்கள். பெயர் சொல்ல வராத நாடுகளிலிருந்தெல்லாம் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து எங்கள் மேசையில் நின்று கற்றுக்கொண்டு போனார்கள். வந்தவர்கள் யாரானாலும் மேடம் முதலில் கல்வம் சுடத்தான் அனுப்புவார். அதை நான்தான் காட்டிக்கொடுப்பேன்.

ஆனால் மேடத்தின் பெரிய காரியம் எது என்று என்னைக் கேட்டால் நான் அந்த முறையைச் சொல்லமாட்டேன். கம்பம்மெட்டில் நடந்த ஒன்றைத்தான் சொல்வேன்.

ஜூனில் தொடங்குகிற இடவப்பாதி மழை அந்த வருஷம் முன்னதாகவே பிடித்துக்கொண்டது. ஏலக்கன்று நடுகிற காலம். கம்பம்மெட்டில் அந்தோணிமுத்து அண்ணாச்சி என்று ஒருவர் கன்றுப் பண்ணை வைத்திருந்தார். நல்ல காய்ப்புள்ள தூர்களாகப் பார்த்துப் பிரித்து நாலு பாத்தி போட்டிருந்தார். சுற்று வட்டாரத்தில் சிறு தோட்டக்காரர்கள் எல்லாரும் குழி வெட்டி வைத்து அவர் கன்றுக்காகக் காத்திருந்தார்கள். கட்டே பிடித்த செடிக்கு மருந்து கிடையாது. பிடுங்கி எரிப்பதுதான் வழி. நோயுள்ள கன்று ஒன்று தப்பிப் போனாலும் அசுவினிப் பூச்சி அதை மலை முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதனால் எங்கள் நிலையம் பார்த்து நோய் இல்லை என்று சொன்ன பிறகே கன்று கொடுப்பேன் என்று அண்ணாச்சி தானாகவே சொல்லியிருந்தார்.

இலைகளை அவரே பஸ்ஸில் கொண்டுவந்தார். பாத்திக்கு ஒரு கட்டாக, பத்திரிகைத் தாளில் சுற்றி. பச்சைப் பசேலென்று இருந்தன. சேறு இல்லை, ஈரம் இல்லை. நான் அரைத்துக் கொடுத்தேன். சோதனை நடந்தது.

சோதனையில் வைரஸ் இருந்தால் ஒரு கோடு வெளிச்சமாகத் தெரியும். எங்கள் லேபில் மேடம் இன்னொரு கோட்டையும் பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார். அது செடியின் சொந்த ஆர்.என்.ஏ.வுக்கான கோடு. நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தெரிந்தே ஆக வேண்டும். இரட்டை வேலை என்று எல்லாருக்கும் முணுமுணுப்புதான், என்னையும் சேர்த்து.

அன்றைக்கு நாலு பாத்தி இலையிலும் வைரஸ் கோடு இல்லை. நிலையத்துத் தலைவரை நாங்கள் ஹெட் சார் என்போம். மலையாளி. அவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"வைரஸ் இல்லையே மேடம். அப்ப எழுதிக் குடுத்துரலாம். அந்தோணிமுத்து காலைலேர்ந்து போன்ல விளிச்சுக்கிட்டே இருக்காரு."

"வைரஸ் கோடு இல்லைங்க சார். செடியோட சொந்தக் கோடும் இல்லைங்களே."

"அதனால என்ன?"

"இந்த எலை வாயே தொறக்கலைங்க. வாயத் தொறக்காத ஆள்கிட்டப் போய் இந்தப் பக்கம் திருடன் வந்தானான்னு கேட்டு, அவன் ஒண்ணும் சொல்லலைங்கறதுக்காகத் திருடன் வரலைன்னு எழுத முடியுமுங்களா?"

"மத்த இடத்துல எல்லாம் ஒரு கோட்டத்தானே பாக்குறாங்க."

"பாக்கட்டுங்க. எனக்கு வராதுங்க சார்."

ஹெட் சார் என் பக்கம் திரும்பினார். "ஞானராஜே, கேட்டாயா? உங்க மேடத்துக்குப் பொய் வராது. சரிதான். உண்மையும் வேகம் வராது." சொல்லிவிட்டுச் சிரித்தார். கோபக்காரர் இல்லை. ஆனால் கவலையோடுதான் போனார். மேடம் அதே இலையில் மறுபடி பார்த்தார். மறுபடியும் அதே மௌனம்.

இதற்குள் கம்பம்மெட்டில் செய்தி வேறு மாதிரி பரவிவிட்டது. அந்தோணிமுத்து பண்ணைக்கு நோய் இல்லை என்று எழுதித் தர மறுக்கிறார்களாம் என்று. குழி வெட்டி வைத்தவர்களில் சிலர் மழை போய்விடுமே என்ற பயத்தில் எங்கேயோ பார்க்காத கன்றை வாங்கப் போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி நனைந்த குடையோடு லேப் வாசலில் வந்து நின்றார்.

"எம்மா, நோய் இருக்குன்னா இருக்குன்னு சொல்லுங்க, எரிச்சிட்டுப் போறேன். இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. ரெண்டும் இல்லாம என்னைய நடுரோட்டுல நிப்பாட்டிட்டீங்களே. டீக்கடையில ஒருத்தன் கேக்கான், என்ன அண்ணாச்சி, உங்க கன்னுக்குக் காசநோயாமேன்னு."

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். என்னிடம் டீக்குச் சொன்னார். பிறகு எதிரே உட்கார்ந்துகொண்டு கேட்டார். "ஏனுங்க, அந்த எலையப் பறிச்சதுலேர்ந்து எங்கிட்டக் குடுத்த வரைக்கும் என்னென்ன நடந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லுங்க பாக்கலாம்."

"அதுல சொல்ல என்னம்மா இருக்கு? மழையில பறிச்சேன். சொட்டச் சொட்ட நனைஞ்சு போச்சு. பெரிய ஆபீஸு, படிச்சவங்க இருக்கிற இடம், சேறும் தண்ணியுமாவா கொண்டு போறதுன்னு சுடலைட்ட குடுத்தேன்."

"சுடலைங்கறது யாருங்க?"

"நம்ம ஸ்டோர்காரன். காய் உலத்துறவன். இந்த மலையில பச்சை மாறாம உலத்துறதுக்கு அவனை விட்டா ஆள் கிடையாது பாத்துக்கிடுங்க. தட்டுல பரத்தி, இளஞ்சூட்டுல வச்சு, ஈரத்த மட்டும் வாங்கி எடுத்துக் குடுத்தான். நீங்களே பாத்தீங்கள்லா, எம்புட்டுப் பச்சையா இருந்துச்சு."

ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் நாம் எதைத்தான் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் கொடுத்து உலர்த்தவில்லை? அருளின் யூனிபார்ம், ஜென்சியின் நனைந்த புத்தகப் பை, கோயில் திருநாள் கொடித் துணி, எல்லாம் அந்தச் சூட்டுக் குழாய்க்கு மேலேதான் காய்ந்தன. ஏல மலையில் ஈரமான ஒரு பொருளை மதிக்கிறார்கள் என்றால் ஸ்டோரில் வைப்பார்கள். வேறு ஊர்க்காரர்களுக்கு இந்தத் தப்பு வராது.

மேடம் சிரிக்கவில்லை. "அவரு தப்பு ஒண்ணும் பண்ணலைங்க. காய்க்கு என்ன மரியாதையோ அதையே எலைக்கும் பண்ணியிருக்காரு. நெறம் தங்கிருச்சு. எங்களுக்கு வேண்டியதுதான் சூட்டுல தங்கல."

"அப்பத் தப்பு எம்மேலயா?"

"எம்மேலதானுங்க. எப்படிக் கொண்டாரோணும்னு நான் சொல்லி அனுப்பியிருக்கோணும். நாளைக்கு நாங்களே வர்றமுங்க."

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பிறகு எங்கள் லேபில் வாய் திறக்காத எந்த மாதிரிக்கும் 'ஸ்டோர் இலை' என்று பெயர் வந்துவிட்டது. மேடத்திடம் படித்த பிள்ளைகள் போன இடத்துக்கெல்லாம் அந்தப் பேரையும் கொண்டுபோனார்கள். ஏலக்காய் ஸ்டோரைக் கண்ணால் பார்க்காத ஊர்களிலும் அப்படிச் சொல்கிறார்களாம். கொரோனா நாளில் அருளுக்குத் தொண்டையில் குச்சி விட்டுப் பார்த்து நெகட்டிவ் என்றார்களே, அதிலும் குச்சியில் மனுஷனுடையது சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு கோடு பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள். அதையெல்லாம் மேடம்தான் கண்டுபிடித்தார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் மேடமே சண்டைக்கு வருவார். உலகத்தில் பல பேர் யோசித்து வைத்தது அது. ஆனால் எங்கள் மலையில், யாரும் கேட்காத காலத்தில், ஆள் காத்து நிற்கும்போதும் அதை விட்டுக்கொடுக்காமல் நின்றவர் அவர்.

மறுநாள் காலையில் ஜீப்பில் நைட்ரஜன் கேனை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டுக்குப் போனோம். மேடம் பாத்திக்குப் போகவில்லை. முதலில் ஸ்டோருக்குப் போய்ச் சுடலையைப் பார்த்தார். சுடலைக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"சூடு எவ்வளவுன்னு எப்படீங்க கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டார் மேடம்.

"கதவத் தொறந்தா மூஞ்சியில அடிக்கும்லா, அதுல தெரியும்மா. கூடுனா காய் வெளுத்துரும். கொறஞ்சா பூசணம் பூத்துரும்."

"நீங்க சூட்டுல காப்பாத்தறீங்க. நாங்க குளுருல காப்பாத்தறோம். அவ்வளவுதானுங்க வித்தியாசம்."

"அப்ப நீங்களும் ஸ்டோர்காரங்கதானாம்மா?"

"ஆமாங்க."

துண்டு தோளுக்குப் போனது. கேனின் ஒரு கைப்பிடியை அவனே வந்து பிடித்துக்கொண்டான். மழையில் அண்ணாச்சி குடை பிடிக்க, மேடம் ஒவ்வொரு பாத்தியாக இறங்கினார். பெரிய இலையைத் தொடவில்லை. குருத்தை ஒட்டி இப்போதுதான் விரிகிற இலையாகப் பார்த்து நறுக்கினார். பாத்தி மாறும்போது கையுறை மாறியது, கத்தி மாறியது. நறுக்கிய கணமே இலைத்துண்டு என் கையிலிருந்த குழாய்க்குள், குழாய் நைட்ரஜனுக்குள். கூலிக்காரப் பெண்கள் புகையைப் பார்த்துவிட்டு, "கோயில்ல தூபம் போடுத மாதிரி இருக்கு" என்றார்கள்.

லேபுக்கு வந்ததும் அரைக்க உட்கார்ந்தேன். கல்வத்தில் முதலில் நைட்ரஜனை ஊற்றிக் குளிர வைக்க வேண்டும். இலையைப் போட்டால் கிளிக் என்று சத்தம் வரும். குழவியை முதலில் மெதுவாக வைத்து அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் துண்டு தெறித்துவிடும். நைட்ரஜன் வற்ற வற்ற மேலே ஊற்றிக்கொண்டே அரைக்க வேண்டும். மாவு மாதிரி வெளிறிய பச்சையாக வரும். அது ஒரு கணம் இளகிக் கரும்பச்சையாகத் தெரிந்தால் போயிற்று, தூக்கிப் போட வேண்டியதுதான். தூளை மருந்துக்குள் தட்டி, குலுக்கி, சுற்ற விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, உப்பைச் சேர்த்து, குளிர வைத்து, மறுபடி சுற்றினால் குழாயின் அடியில் ஒரு தூசி மாதிரி ஒட்டியிருக்கும். அவ்வளவுதான் ஆர்.என்.ஏ. இத்தனை பாடும் அந்தத் தூசிக்குத்தான். அன்றைக்கு மேடம் என் பக்கத்திலேயே நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. குழாய் திறந்திருந்ததல்லவா.

முதலில் ஆர்.என்.ஏ. முழுசாக இருக்கிறதா என்று பார்த்தோம். இது நோய்க் கோடு இல்லை; ஆர்.என்.ஏ. உடையாமல் இருந்தால் இரண்டு கோடு விழும். நாலு மாதிரியிலும் விழுந்தது, வரைந்து வைத்த மாதிரி. பிறகு நோய்ச் சோதனை. நாலிலும் செடியின் சொந்தக் கோடு பளிச்சென்று தெரிந்தது. மூன்று பாத்தியில் அது மட்டும்தான். நாலாவது பாத்தியில் அதற்குப் பக்கத்தில் இன்னொரு கோடு.

மேடம் ரொம்ப நேரம் அதையே பார்த்தார். பிறகு, "மிச்சம் வச்ச எலையில, வேற கல்வத்துல, மொதல்லேர்ந்து அரைங்க" என்றார். அரைத்தேன். மறுபடியும் அதே கோடு.

ஹெட் சார், "போன்ல சொல்லிருங்க மேடம், இந்த மழையில எதுக்கு அலையணும்" என்றார்.

"எரிங்கன்னு சொல்ற வார்த்தைய போன்ல சொல்லக் கூடாதுங்க சார்" என்றார் மேடம். நோய் எங்கிருந்து வந்தது என்று பக்கத்துத் தோட்டங்களில் பார்க்க வேண்டி வரலாம் என்று கேனையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பண்ணையில் அண்ணாச்சி மட்டும் இல்லை. ஜீப் வருகிற சேதி கேட்டுக் குழி வெட்டிய தோட்டக்காரர்கள் நிறையப் பேர் குடையும் சாக்குமாக நின்றார்கள். மேடம் அண்ணாச்சியைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் அசையவில்லை. "எல்லாரும் இருக்கட்டும்மா. இவங்க வாயாலதான் எம்பண்ணைக்குக் கெட்ட பேரு வந்துச்சு. இவங்க காதுலயே சொல்லுங்க."

மேடம் சொன்னார். "இந்த மூணு பாத்தியும் சுத்தமுங்க. தைரியமா நடலாம். கடைசிப் பாத்தியில கட்டே இருக்குதுங்க."

கடைசிப் பாத்திதான் எல்லாவற்றிலும் உயரம். ஆள் இடுப்புக்கு நின்றது, ஒரு புள்ளி இல்லாமல். அண்ணாச்சி அதைப் பார்த்தார்.

"பார்வைக்கு ஒண்ணுமே இல்லையேம்மா."

"இப்ப இல்லைங்க. இன்னும் கொஞ்ச நாள்ல கோடு விழுமுங்க. அதுக்குள்ள பூச்சி அடுத்த பாத்திக்குப் போயிரும்."

"உறுதிதானா?"

"ரெண்டு தடவ பாத்தேனுங்க. அதுக்கப்பறம்தான் வண்டி ஏறினேன்."

அவர் குனிந்து ஒரு இலையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார். "அன்னிக்கு நான் கொண்டாந்த இலைய வச்சு, இல்லைன்னு எழுதிக் குடுத்திருந்தீங்கன்னா?"

மேடம் அங்கே நின்றிருந்த தோட்டக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அண்ணாச்சியும் அவர்களைப் பார்த்தார். ஒவ்வொருத்தர் மலைக்கும் போயிருக்க வேண்டிய கன்று அது.

"சுடலை, மண்வெட்டிய எடுலே" என்றார். முதல் தூரை அவரே தோண்டினார். பிறகு நாலைந்து பேர் கேட்காமலே இறங்கினார்கள். மழை கொஞ்சம் விட்டதும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். பச்சை இலை லேசில் எரியாது. புகைந்துகொண்டே இருந்தது. அது எரிந்து முடிகிறவரை மேடம் அந்தப் புகையிலேயே நின்றார். ஜீப்பில் உட்காரச் சொல்லி இரண்டு தரம் சொன்னேன். "இருக்கட்டுங்க ஞானராஜ்" என்றார்.

எல்லாரும் மூன்று பாத்திக் கன்றைப் பிரித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர் மட்டும் கன்றுப் பக்கம் போகாமல் எங்களிடம் வந்தார். நடுத்தர வயது. தலையில் சாக்கைக் கவிழ்த்திருந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எம்மா, எங்க தோட்டத்துல மேக்கு மூலையில அஞ்சாறு தூருல மஞ்சக் கோடு தெரியுது. போன மழைக்கே பாத்தேன். வெளிய சொன்னா எல்லாத்தையும் எரிக்கச் சொல்லிருவீங்கன்னு வீட்டுக்காரிட்டகூடச் சொல்லல."

அண்ணாச்சி காதில் அது விழுந்துவிட்டது. அந்த மூலையிலிருந்துகூட அவர் பாத்திக்குப் பூச்சி வந்திருக்கலாம். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "கூட்டிட்டுப் போய்க் காட்டுடே. எது நல்லது எது கெட்டதுன்னு அம்மா பிரிச்சுச் சொல்லுவாங்க" என்றார்.

அதைக் கேட்டு இன்னொருவர், "அப்படியே நம்மளதையும் ஒரு எட்டுப் பாத்திருங்கம்மா" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

மேடம் புதுக் கையுறையை உதறி மாட்டினார். "எவ்வளவு தூரமுங்க?"

"அந்த மேட்டுக்கு அங்கிட்டும்மா. வண்டி போவாது."

"நடக்கலாமுங்க. ஞானராஜ், நைட்ரஜன் இருக்குதுங்களா?"

கேனின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். இருந்தது. ஒரு கைப்பிடியை நானும் மறு கைப்பிடியைச் சுடலையும் பிடித்துக்கொண்டோம். சாக்குக்காரர் முன்னால் வழி காட்ட, மேடம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடு ஏறினார்.